ரெட்டை பிரேக் – 9: அழிக்கவா, பார்க்கவா?

மருமகளைப் போன வாரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில், தூறலில் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று பலரும் கோபித்துக்கொண்டீர்கள். என்ன செய்ய, எனக்குக் கொடுத்த பக்கம் அவ்வளவுதான். இதோ, கதவைத் திறந்து உள்ளே அனுப்பிவிடுகிறேன்.

அதற்கு முன்னால், இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மருமகள் பிசியோதெரபிஸ்ட். கணவன் கப்பலில் எலக்ட்ரீஷியன், வருஷத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் அவள், அவளுடைய ஆறு வயதுக் குட்டி, இந்தக் கடையிலேயே கவுன்ட்டரில் நிற்கும் நாத்தனார், அப்புறம் மாமனார்.

மாமனாரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். டிரைவிங் ஸ்கூல் நடத்திப் பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். மாமியார் போனபிறகு ஸ்கூலை மூடிவிட்டார். கற்றுக்கொடுத்த கார் மட்டும் வீட்டில் இருக்கிறது. டிரைவர் சீட்டில் இருப்பதுபோலவே பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் காலடியிலும் அதில் ஒரு பிரேக் உண்டு, எதை மிதித்தாலும் வண்டி நிற்கும்.

லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பக்கத்து சீட்டு காலியாக இருந்து மருமகள் ஒரு நாள்கூடக் கார் ஓட்டியதில்லை. காரணம் ஒரு மஞ்சள் லைட். மாஸ்டர் ஓட்டினால் எரியாது. பட்டறைக்காரர் ஓட்டினால் எரியாது. இவள் ஓட்டினால் மட்டும், எஞ்சின் படம் போட்ட அந்த லைட் பளிச்சென்று வந்துவிடும்.

பட்டறைக்காரர் மாஸ்டரிடம் வண்டி ஓட்டக் கற்ற பழைய மாணவர். மெஷினைச் சொருகிப் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் ஒண்ணா மிதிபடுதுன்னு எரர் கோடு வருது மாஸ்டர். வண்டியில கோளாறு இல்ல. ஓட்டுறவங்க கால்தான்."

அன்றிலிருந்து மருமகளின் வலது கால் அந்த வீட்டில் குற்றவாளி. தட்டைச் செருப்பு போட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒடுக்கமான ஷூ வாங்கி ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் வெறுங்காலோடும் ஓட்டிப் பார்த்தாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஒரு வாரம் லைட் எரியாம ஓட்டிக் காட்டு. அப்புறம் எங்க வேணா தனியாப் போ," என்பது மாஸ்டரின் சட்டம். கப்பலிலிருந்து கணவன் சொன்னதும் அதேதான். "அப்பா சொல்றதைக் கேளேன், அவருக்குத் தெரியாததா?"

இப்போது ஆஸ்பத்திரியில் அவளை வீடு வீடாகப் போய் சிகிச்சை தரும் வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை எழுப்பி நடக்கவைக்கிற வேலை. அவள் படித்ததே அதற்குத்தான். ஆனால் காலையில் எட்டு மணிக்குக் காரோடு வந்து நிற்க வேண்டும். முடியுமா முடியாதா என்று இன்று, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இரண்டு தடவை ஏற்கெனவே முடியாது என்று சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவை யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, கடைக்குள் போகலாம்.

"அண்ணி! என்ன இப்படி நனைஞ்சுட்டு வர்றீங்க?" கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து நாத்தனார் துணியை எடுத்து நீட்டினாள். கிரீஸ் துடைக்கிற துணி. மருமகள் அதைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க முதலாளி இருக்காரா?"

"சாப்பிடப் போயிருக்காரு. என்ன ரகசியம்?"

"ஸ்கேனர் ஒண்ணு வேணும். கார்ல சொருகிக் கோளாறு பார்ப்பாங்களே, அது. வீட்டுல வெச்சுக்கிற மாதிரி."

நாத்தனாரின் வாய் ஒரு நொடி திறந்தபடியே இருந்தது. "அப்பாவுக்குத் தெரியுமா?"

மருமகள் துப்பட்டாவின் ஈரத்தைப் பிழிந்தாள். நாத்தனார் மறுபடி கேட்கவில்லை. அந்த வீட்டில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாதா! பின்பக்க அலமாரியிலிருந்து பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேல் பரப்பினாள்.

"இந்தாங்க. இது கட்டைவிரல் சைஸுதான். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற சாக்கெட்ல சொருகிட்டா போன்ல தெரியும், புளூடூத். விலை கம்மி. ஆப் ஃப்ரீன்னு சொல்லுவான், உள்ள போனா அதுக்குக் கட்டு இதுக்குக் கட்டுன்னு உசுரை வாங்குவான். அதோ அந்தப் பெரிசு பட்டறைக்காரங்க வெச்சுக்கிறது. வருஷா வருஷம் சந்தா. நமக்கு எதுக்கு?"

"இது?" மருமகள் நடுவில் இருந்த சின்னப் பெட்டியைத் தொட்டாள்.

"வயர் வெச்சது. கோடு படிக்கும், கோடு அழிக்கும். வேற ஒண்ணும் பண்ணாது."

"லைட்டை அழிக்கும்ல?"

"அழிக்கும்."

"அப்ப இது போதும்."

நாத்தனார் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணி, நிஜமா என்ன பிளானு?"

"என்ன பிளானு? தினம் வண்டியை விட்டு இறங்குறதுக்குள்ள அழிச்சுடுவேன். ஒரு வாரம். உங்கப்பா கண்ணுல லைட் படாம இருந்தா சரி. அதுக்கப்புறம் என் வேலையை நான் பார்த்துப்பேன்."

"பக்கத்துலயே உக்காந்திருக்கிற மனுஷன் கண்ணுல படாம?"

மருமகளுக்கு அழுகை வந்தது. எரிச்சலும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். நாத்தனார் விடவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு அழிக்கணுமா, பார்க்கணுமா?"

"என்னத்தைப் பார்க்க?"

இன்னொரு பெட்டியை நாத்தனார் முன்னால் தள்ளினாள். பார்வைக்கு முன்னதைப் போலத்தான் இருந்தது, திரை மட்டும் கொஞ்சம் அகலம். "இதுவும் வயர்தான். ஆனா வண்டி ஓடும்போதே உள்ள என்ன நடக்குதுன்னு காட்டும். பிரேக் சுவிட்ச் இப்ப ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கான்னு வரி வரியா ஓடும். எல்லா ஸ்கேனரும் காட்டாது, எஞ்சினைப் பத்திப் பேசும், பிரேக்கைக் கேட்டா வாயே திறக்காது. இது நம்ம மாடலுக்குப் பேசும். நானே ஒரு கஸ்டமர் வண்டியில பார்த்திருக்கேன்."

"பார்த்து, என் கால்தான்னு தெரிஞ்சுதுன்னா?"

இதுதான் விஷயம். இதைத்தான் மூன்று வருஷமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் கால் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தன் கால் தன் பேச்சைக் கேட்கவில்லையோ என்று பயம். அந்த லைட் எரியும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர அவமானமாக இருந்தது.

"தெரிஞ்சா திருத்திக்கலாம்," என்றாள் நாத்தனார். "தெரியாமலே எத்தனை நாளைக்கு வெறுங்காலோட ஓட்டுவீங்க? ஒளிச்சுப் பார்க்கணும்னா அந்தப் புளூடூத்தை எடுங்க. நான் பின்னாடி உக்காந்து போன்ல பார்த்துக்கறேன். அப்பாவுக்குத் தெரியவே தெரியாது."

மருமகள் கட்டைவிரல் சைஸ் பெட்டியைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தள்ளிவைத்தாள்.

"வேணாம். வயர் வெச்சதே குடு. ஒளிச்சு வெச்சா, அது என்ன காட்டினாலும் திருடி மாதிரி நான்தான் முழிக்கணும். நேராவே சொருகறேன். என் கால்தான்னா அவரும் பார்க்கட்டும்."

"அண்ணின்னா அண்ணிதான்," என்று நாத்தனார் பில் போட உட்கார்ந்தாள். முதலாளி வந்ததும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தானும் கூடவே கிளம்பினாள்.

வீட்டுப் போர்டிகோவில் அந்தக் கார் எப்படி நிற்கும் தெரியுமா? உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் காருக்கும் சுவருக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர வேண்டும். சாவி மாஸ்டரின் சட்டைப் பையில் இருக்கும். தூங்கும்போதும் சட்டையோடுதான் தூங்குவார்.

இருவரும் அப்படி நகர்ந்து உள்ளே வரும்போது, குட்டி ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே ஓடிவந்தாள்.

"தாத்தா மறுபடியும் குழாய்கிட்ட விட்டுட்டாரு! நான்தான் கண்டுபிடிச்சேன்! மிட்டாய் எனக்குத்தான்!"

அது அந்த வீட்டு விளையாட்டு. தாத்தாவின் வலது கால் செருப்பு எங்கேயாவது தனியாகக் கிடக்கும். கண்டுபிடிப்பவருக்கு மிட்டாய்.

"வார் லூஸு," என்றார் மாஸ்டர், வழக்கம்போல, அதை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டே. "தைக்கக் குடுக்கணும். அது என்ன கையில?"

மருமகள் பெட்டியை நீட்டினாள். "ஸ்கேனர் மாமா. கார்ல சொருகறது."

மாஸ்டர் அதைக் கையை நீட்டித் தூரமாக வைத்துப் படித்தார். திட்டு விழப்போகிறது என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை.

"நல்லதாப் போச்சு. பட்டறைக்காரன் சொன்னா உனக்கு மூஞ்சி போற போக்கு எனக்குத் தெரியும். மெஷின் சொன்னா ஒத்துக்குவேல்ல? வா, இப்பவே பார்த்துடுவோம்."

இப்படி அவர் உடனே ஒத்துக்கொண்டதுதான் மருமகளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

குட்டியும் நாத்தனாரும் பின்சீட்டில். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிய வயர் இரண்டு சீட்டுக்கும் நடுவே போய் நாத்தனார் கையில் இருந்த ஸ்கேனரில் முடிந்தது.

"மிதிங்க அண்ணி... ஆன். விடுங்க... ஆஃப். சரியாக் காட்டுது."

மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கார் கேட்டைத் தாண்டியது. கேட்டைத் தாண்டினால் அவருடைய வலது கால் தானாகவே தன் பிரேக் பக்கம் போய்விடும், அத்தனை வருஷப் பழக்கம். அது அந்தக் காரின் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

"கண்ணாடி. கண்ணாடியைப் பாரு. கியர். என்ன அவசரம் உனக்கு? ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்காதே, பிடி."

பின்னால் ஒரே ஹார்ன். இவள் ஓட்டும்போது எப்போதுமே அப்படித்தான், பின்னால் வருகிறவனெல்லாம் அடித்துக்கொண்டே வருவான். மெதுவாகப் போவதால் என்று நினைத்துக்கொள்வாள். பார்சல் கொண்டுபோகிற பைக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, "மேடம், பின்னாடி சிவப்பு லைட் எரிஞ்சுட்டே வருது, பிரேக்கை விட்டுட்டு ஓட்டுங்க!" என்று கத்திவிட்டுப் போனான்.

"பார்த்தியா?" என்றார் மாஸ்டர். "ரோட்டுல போறவனுக்கே தெரியுது."

 கதவுக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, ஏசியும் கிடையாது. மருமகளுக்கு மூச்சு முட்டியது. இந்தக் காரிலிருந்து இறங்கி நடந்தே எங்கேயாவது போய்விட்டால் என்ன என்று தோன்றியது.

"அண்ணி," பின்னாலிருந்து தயக்கமாக நாத்தனார் குரல். "பிரேக் 'ஆன்'னு காட்டுது."

"இப்பவா?"

"இப்பதான். ஆன்லயே நிக்குது."

அதே நேரம் டேஷ்போர்டில் மஞ்சள் லைட்டும் வந்தது. மாஸ்டர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.  தீர்ந்தது, என் கால்தான் என்று மருமகள் முடிவே கட்டிவிட்டாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்வது என்றுகூட வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. நல்ல வேளை வந்தது. கிடங்குச் சுவரை ஒட்டிய ஆளில்லாத ரோட்டில் வண்டியைத் திருப்பினாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். பிறகு இரண்டு காலையும் எடுத்து, மடக்கி, சீட்டை ஒட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன காட்டுது?"

"ஆன்."

"நல்லாப் பாரு."

"ஆன்தான் அண்ணி. மிதிச்சுட்டுத்தானே இருக்கீங்க?"

"என் ரெண்டு காலும் சீட்டுக்கு அடியில இருக்கு."

கார் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, தானாகவே நின்றது. 

"மட்டமான சரக்கு," என்றார் மாஸ்டர். "திருப்பிக் குடுத்துடு."

நாத்தனார் முன்சீட்டுக்கு மேலாக எக்கிப் பார்த்தாள். "அப்பா! உங்க கால்!"

"என் காலுக்கென்ன? கீழ தரையிலதான் வெச்சிருக்கேன்." ரோட்டைப் பார்த்தபடிதான் சொன்னார். குரலில் துளிப் பொய் இல்லை.

"குனிஞ்சு பாருங்கப்பா."

அவர் குனிந்தார். வெறும் பாதம் பிரேக் பெடல் மேல் சாய்ந்து கிடந்தது. பிரேக் பிடிக்கிற அளவுக்கு அழுத்தம் இல்லை, சுவிட்சைத் தட்டிவிடப் போதுமான அழுத்தம். செருப்பு தனியாகக் கிடந்தது. மாஸ்டர் அந்தப் பாதத்தை வேறு யாருடையதோ என்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கித் தள்ளிவைத்தார்.

"ஆஃப்," என்றாள் நாத்தனார். அடுத்த நொடி வெடித்தாள். "மூணு வருஷம்ப்பா! அண்ணி செருப்பு மாத்தி, ஷூ மாத்தி, வெறுங்காலோட... எத்தனை தடவை அழுதாங்கன்னு தெரியுமா? வேணும்னே பண்ணீங்களா?"

"சும்மா இரு," என்றாள் மருமகள்.

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. என் கால் இல்லை! என் கால் இல்லை! கண்ணில் தண்ணீர் வர, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் குட்டியும் சேர்ந்து சிரித்தாள்.

மாஸ்டர் சின்ன மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கார்ச் சாவியோடு சட்டைப் பையிலிருந்து மாற்றுச் சாவியையும் எடுத்தார். இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"என் தப்பு," என்றார். அந்த வீட்டுச் சுவர்கள் முதல் தடவையாகக் கேட்ட வார்த்தை. "பழக்க தோஷம். திங்கட்கிழமையிலேர்ந்து கார் உன்னோடது. தனியாப் போயிட்டு வா. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடு."

மருமகள் சாவியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். உடனே போனையும் எடுத்தாள். நம்பரைத் தேடும்போதுதான் ஸ்கேனரைக் காரிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. குட்டி கையில் கிடைத்தால் உடைத்துவிடுவாள், முதலில் அதை எடுத்து வைப்போம் என்று போனாள்.

பக்கத்து சீட்டின் முன்னால், பிரேக்குக்கு அடியில், மாஸ்டரின் செருப்பு கிடந்தது.

எடுத்தாள். வார் லூஸாகத்தான் இருக்கும் என்று விரலைவிட்டு இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. அவள் காலில் போட்டு உதறினாள், விழவில்லை.

போர்டிகோவிலிருந்து வாசற்படிவரை பரப்பியிருப்பது கூர்கூரான ஜல்லி. அதன் மேல் அந்த மனிதர் இப்போதுதான் ஒற்றை வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, கீழே பார்க்கவில்லை.

மருமகள் செருப்போடு அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டுமென்றே செய்யவும் இல்லை, பழக்க தோஷமும் இல்லை. அந்தக் கால் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. மாமாவுக்கு எத்தனை வருஷமாகவோ சுகர், அது முற்றினால் பாதம் மரத்துப்போகும். மாத்திரையை முழுங்குவார், அதைத் தவிர அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவிட மாட்டார். தினம் இந்த மாதிரிக் கால்களைப் பார்க்கிறவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மிட்டாய் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தக் காலால்தான் அவர் தினமும் காலையில் குட்டியை இந்தக் காரில் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறார்.

கொல்லைப்பக்கம் தடதடவென்று ஒரு சத்தம். மருமகள் ஓடினாள். தார்ப்பாயை உரித்துப் போட்டுவிட்டுப் பழைய மோட்டார் பைக்கை மாஸ்டர் ஸ்டார்ட் செய்திருந்தார். குட்டி கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எட்டு மணிக்கு அங்க இருக்கணும், இவளுக்கு எட்டு மணிக்குத்தான் கேட்டையே திறப்பான், எட்டே காலுக்கு மணி அடிக்கும். நீ எப்படி ரெண்டு இடத்துல இருப்பே? நான் இவளை பைக்ல விட்டுடறேன். நீ கவலையே படாதே." அவர் முகத்தில் தப்பைச் சரிசெய்துவிட்ட திருப்தி இருந்தது. "பின் பிரேக் மட்டும் கொஞ்சம் பார்க்கணும்." வலது காலால் மிதித்தார். கால் பெடலுக்குப் பக்கத்தில், சும்மா கால் வைக்கிற கம்பியின் மேல் அழுந்தியது. "ம், நல்லாத்தான் பிடிக்குது."

இப்போது வாயைத் திறந்தால் மாமா இனி எதையும் ஓட்ட முடியாது. குட்டியை ஸ்கூலில் விட எட்டே காலுக்கு இவள்தான் போக வேண்டும். கணவன் கடலில், நாத்தனார் ஏழு மணிக்கே கடைக்கு. ஆஸ்பத்திரி வேலை போனது போனதுதான். ஜெயித்ததும் அப்பா காலையும் பிடுங்கிவிட்டாள் என்று கப்பலிலிருந்து பேச்சும் வரும். வாயை மூடிக்கொண்டால் எல்லாம் கிடைக்கும். சாவி இதோ கையில் இருக்கிறது. குட்டி மட்டும் அந்தக் காலுக்குப் பின்னால் உட்கார்ந்து போவாள்.

"மாமா, வண்டியை நிறுத்துங்க. உள்ள வாங்க ஒரு நிமிஷம்."

"என்ன?"

"வாங்களேன்."

மேஜைப் பக்கத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். சாவியை மறுபடி மேஜையிலேயே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அட, இன்னைக்கு எனக்கே வைத்தியமா?"

"கண்ணை மூடிக்குங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்."

"நானும், நானும்!" என்று குட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி நம்பர். மருமகள் எடுக்கவில்லை. அவருடைய கட்டைவிரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். நகம் பதிந்த இடம் வெளுத்தது. கதவோரம் கோபம் தீராமல் நின்றிருந்த நாத்தனாரின் கை வாய்க்குப் போனது.

போன் அடித்து ஓய்ந்தது.

"எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கிறது?" என்றார் மாஸ்டர். "தொடும்மா."